கவலை வாரியில் என் கச்சேரி

என் பாட்டைக் கேட்டு யாரும் பாதியில் எழுந்து போனதில்லை என்று பெருமை பேசுவேன். உண்மைதான். முதன்முதலில் கேட்ட இரண்டு பேரும் கழுத்தில் கயிறோடு நின்றவர்கள். ஒருவன் செவலை, இன்னொருவன் மயிலை. எங்கள் மாடுகள்.

செவலை என் பிள்ளை மாதிரி. தாய் செத்த கன்றாக வந்து, என் கையில் கஞ்சி குடித்து வளர்ந்தவன். பள்ளிக்கூடத்திலிருந்து நான் ஓடி வந்ததற்கு அவனைத்தான் காரணம் சொல்வேன். பாவம், மறுத்துப் பேசத் தெரியாது.

எஞ்சின் வராத காலம். கிணற்றுத் தண்ணீரை மாடுகள்தான் இழுத்தாக வேண்டும். அதற்குப் பெயர் கவலை. வாரி என்கிற சரிவில் மாடுகள் இறங்கினால் கயிற்றில் கட்டிய தோல்பை நிறைந்து மேலே வரும். தண்ணீர் வாய்க்காலில் கொட்டியதும் மாடுகள் பின்னோக்கி நடந்தே வாரியில் ஏறி, கிணற்றோரம் வந்து நிற்க வேண்டும். ஓரத்தில் ஒரு பலகைக்கல். அதற்கப்பால் ஒன்றுமில்லை, கிணறுதான்.

முந்தின கோடையில் பக்கத்துக் காட்டுக்காரர் மாடு ஒன்று அப்படி உள்ளே போய்விட்டது. விழுந்த சத்தத்தை நான் கேட்கவில்லை. விழுந்த பிறகு அது கத்திய சத்தத்தைக் கேட்டேன். அப்புறம் தண்ணீர் தூக்கப் போகும்போதுகூட கிணற்றை எட்டிப் பார்க்கமாட்டேன்.

அப்பா பாடித்தான் மாடுகளைப் பின்னால் வரவழைப்பார். உரலில் கூழாங்கல்லைப் போட்டு இடிக்கிற மாதிரி குரல். “பையப் பைய வாங்க கண்ணு, பாத்துப் பாத்து வாங்க…” என்று இழுத்து, “போதுஞ் சாமீ” என்று பட்டென்று முடிப்பார். அந்த முடிவு மட்டும் எனக்குப் பிடிக்காது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இலையை எடுக்கிற மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் அப்பாவைக் குளிர்காய்ச்சல் சாய்த்துவிட்டது. மிளகாய்ச் செடி தலை தொங்கிப் போனது. அது காய்ந்தால் எங்கள் வயிறும் காய்ந்த மாதிரிதான். மாமன் வந்து கவலை பூட்டினார். மாடுகள் இறங்கின, தண்ணீரும் வந்தது. பின்னால் வருவதற்கு மட்டும் மாட்டேன் என்று நின்றுகொண்டன. மாமன் அதட்டிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார்.

“ஏன்டா, உங்கொப்பன் இதுகளுக்கு மந்திரம் கிந்திரம் போட்டு வெச்சிருக்கறானா?”

“பாட்டுங்க மாமா. பாடோணுங்க.”

“எனக்குப் பாட வந்தா உங்கத்தைகிட்ட நான் ஏன்டா பேச்சு வாங்கறேன்? நீ பாடு.”

கிணற்றோரம் நின்று அப்பா மாதிரியே பாடினேன். மாடுகள் வந்தன. “போதுஞ் சாமீ” என்றதும் நின்றன. இப்படிச் சில நடை நன்றாகத்தான் போனது. செடிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த அக்கா மண்வெட்டியை ஊன்றி நின்று சிரித்தாள்.

“அப்பனாட்டவே காக்காத் தொண்டைடா உனக்கு!”

எனக்கு மானம் போயிற்று. கோயில் நோம்பிக்கு எடப்பாடிப் பக்கமிருந்து வந்த கூத்துக்காரர் ராஜா வேஷத்தில் இழுத்த ராகம் ஞாபகம் வந்தது. அவரைப் போலவே ஒரு காதைப் பொத்தினேன். கண்ணை மூடினேன். “வாங்க…” என்று பிடித்தேன் பாருங்கள், விடவே இல்லை.

கண்ணைத் திறந்தபோது செவலையின் பின்னங்கால்கள் பலகைக்கல்லின் மேல் இருந்தன.

மாமன் முன்னால் நின்று மூக்கணாங்கயிற்றைச் சுண்டினார். சுண்டச் சுண்ட மாடுகள் தலையை உதறிக்கொண்டு பின்னாலேயே நகர்ந்தன. கல்லின் ஓரம் பெயர்ந்து ஒரு துண்டு உள்ளே விழுந்தது. அது தண்ணீரைத் தொடுவதற்குள் பக்கத்துக் காட்டு மாடு என் காதுக்குள் கத்தி முடித்துவிட்டது.

“வாய மூடுடா! டேய், வாய மூடுடா!”

எப்படி மூடுவேன்? என் பாட்டுதான் செவலையைக் கயிறு மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறது, விட்டால் விழுந்துவிடுவான் என்று நம்பினேன். தொடையில் சூடாக ஏதோ இறங்கியது. இன்னும் உரக்க இழுத்தேன். செவலை காதை என் பக்கம் திருப்பியபடியே ஒரு பின்னங்காலைத் தூக்கிப் பின்னால் வைக்கப் போனான். அங்கே கல் இல்லை.

எனக்கு மூச்சுத் தீர்ந்தது. பாட்டு அறுந்தது. செவலை தூக்கிய காலோடு அப்படியே நின்றான். பிறகு அதை மெதுவாகக் கல்லின் மேலேயே ஊன்றினான்.

மாமன் மாடுகளை வாரியில் இறக்கிவிட்டு வந்து, எனக்கு ஒன்று வைத்தார். மாரியாத்தாதான் மாட்டைப் பிடித்து நிறுத்தினாள் என்று அக்கா அழுதாள். எனக்கும் அதில் சந்தேகமில்லை. பாதி மாரியாத்தா, பாதி என் ராகம்.

வீட்டுக்குள் அப்பா கட்டிலில் விழித்துக்கொண்டு கிடந்தார்.

“பாட்டுச் சத்தம் நீளமாக் கேட்டுச்சே?”

“ராகம் போட்டேனுங்கப்பா. செவலை சொக்கிப் போயிட்டானுங்க. கல்லு மேலயே ஏறிட்டான்!”

“‘போதுஞ் சாமீ’ சொன்னியா, சாமி?”

“அது நல்லால்லீங்கப்பா. உட்டுட்டேன்.”

அப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். கட்டில் கால் தரையில் தடதடவென்று தட்டுகிற அளவுக்கு அவர் உடம்பு நடுங்கியது. காய்ச்சல் ஏறுகிறது என்று நினைத்து, மழைக்குச் செவலைக்குப் போடுகிற சாக்கையும் எடுத்து வந்து அவருக்குப் போர்த்திவிட்டேன்.