அம்மா சுற்றிப்போட்ட பாசி

அந்த ஆடி ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் என் கை தானாகக் கும்பிடும். அம்மா பிறந்த ஊரில் கூழ் ஊற்றும் திருவிழா. நெட்டுக்குப்பத்திலிருந்து எங்கள் ஃபைபர் படகில் கிளம்பினோம்: நைனா, அம்மா, சித்தப்பா, சின்னப் பெண்ணான நான். முகத்துவாரத்தைத் தாண்டும்போது இன்ஜின் முக்கி முனகி நின்றுவிட்டது.

ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் வேகமாக இழுக்கிற நேரம். பக்கத்தில் கருங்கல் கொட்டிய கரை. அதில் அலை மோதித் தெறிக்கிறது. படகு அதை நோக்கியே போனது.

சித்தப்பா இன்ஜினைத் தூக்கினார். தண்ணீருக்குள் சுழலும் விசிறி முழுக்கப் பாசி. ரப்பர் போலத் தடித்து, விரல் விரலாகக் கிளைத்திருந்தது.

“இன்னாடா அது?” என்றார் நைனா.

“தெர்லண்ணா. ஆட்டுக்குடலு மாதிரி சுத்திகினு கீது. இந்தப் பக்கம் நான் பாத்ததே இல்ல.”

“ஆராய்ச்சி அப்பால பண்ணு. அறுடா!”

சித்தப்பா அறுத்து அறுத்துப் படகுக்குள் எறிந்தார். நைனா துடுப்போடு கல்லைப் பார்த்து நின்றார். அம்மா என்னை மடியில் அழுத்திக்கொண்டு அம்மனை உரக்கக் கூப்பிட்டாள்.

“அண்ணி, மெதுவா கூப்டு. கப்பல்லாம் இங்க வந்துடப் போவுது,” என்றார் சித்தப்பா. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கல்லில் ஊன்றிய துடுப்பு படாரென்று ஒடிந்தது. நைனா வெறுங்காலை நீட்டிக் கல்லை உதைத்தார். அப்போதுதான் சித்தப்பா இழுத்த இழுப்பில் இன்ஜின் உறுமியது.

திருவிழாவுக்குப் போகாமல் குப்பத்துக்கே திரும்பினோம். கரையில் எங்களை வரிசையாக உட்காரவைத்து, படகில் கிடந்த பாசியை அம்மா இரண்டு கையாலும் அள்ளி மூன்று முறை சுற்றினாள். “பட்ட கண்ணெல்லாம் இத்தோட போவட்டும் தாயே.” சுற்றியதை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டுமே. தான் தினமும் சேற்றில் கைவிட்டுத் தடவி இறால் பிடிக்கும் ஆற்றிலேயே, இடுப்பளவுக்கு இறங்கி அதை விட்டாள்.

“திரும்பிப் பாக்காம வாடி.”

நானும் பார்க்கவில்லை.

ஓரிரு வருஷத்தில் அந்த இடத்தில் சேறு கைக்கு எட்டாதபடி அதே பாசி மெத்தையாகப் படர்ந்தது. இறால் போயிற்று, அம்மா கருவாட்டுக் கூடை தூக்கினாள். எங்கள் வீட்டார் விட்ட இரண்டு கைப்பிடிப் பாசியால்தான் என்று சொல்ல மாட்டேன். அது ஒட்டிக்கொண்டு வர, வந்துபோகிற கப்பல் எத்தனை, படகு எத்தனை. ஆனால் அறுந்த துண்டெல்லாம் தனித்தனியாக வளரும் பாசி அது என்று பிற்பாடு கேள்விப்பட்டபோது அம்மா இரண்டு கையாலும் அள்ளியதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அன்று எங்களைக் காப்பாற்றியது அம்மன்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அம்மாவின் ஈரப்புடவையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு நடந்த அந்தச் சின்னப் பெண்ணுக்குத் தெரியாதது ஒன்றுதான். அம்மா தண்ணீரில் விட்டது செத்த பாசி இல்லை.