கருப்புத் தோலில் கருப்பு நூல்

மேகலாவைப் பற்றி எங்கள் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் அவளை முழுசாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இருபத்திநாலு வருஷமாக ஒருத்தியைப் பார்த்து வயிறெரிந்தால், அவளைப் பற்றித் தெரியாதது என்ன மிச்சம் இருக்கும்?

நான் ஹெலன். ஆம்பூர் பெத்லகேமில் எங்கள் வீடு. மேகலாவுக்கு மின்னூர். இரண்டு பேரும் ஒரே நாளில் ஷூ கம்பெனியில் சேர்ந்தோம். ஒரே வயசு, ஒரே வேலை: தைத்து வரும் தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுவது. ஆறாவது மாசம் அவளை மெஷினில் உட்கார வைத்தார்கள். என்னை ஒன்பதாவது மாசம். அந்த மூன்று மாசத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

கல்யாணத்தில் மட்டும் நான் முந்திக்கொண்டேன். அதிலும் என்ன புண்ணியம்? அவளுக்கு வாய்த்த ஆதிகேசவன் தினமும் காலையில் அவளை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கம்பெனி பஸ் வந்து அவள் ஏறி உட்கார்ந்து கை காட்டுகிற வரைக்கும் ரோட்டோரத்திலேயே நிற்பார். என் வீட்டுக்காரர் இன்பராஜ் அந்த நேரத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். அவர் தோல் பதனிடும் ஷாப்பில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து படுத்தவர், பாவம், எழுப்பக் கூடாது. எனக்கு அது தெரியும். தெரிந்தால் மட்டும் பொறாமை குறைந்துவிடுமா?

அவள் வீட்டுப் பாத்ரூமில் டைல்ஸ். அவள் வைத்த கறிவேப்பிலை காடு மாதிரி வளர்கிறது, அவளிடம் வாங்கி நான் வைத்த கன்று மூன்று இலையோடு நின்றுவிட்டது. அவள் பெரிய பையன் இன்ஜினியரிங் கடைசி வருஷம். என் பிரேம்நாத்தும் இன்ஜினியரிங்தான், நாலு பேப்பர் அரியர். இப்படி அடுக்கிக்கொண்டே போனால் எனக்கே அசிங்கமாக இருக்கும், நிறுத்திக்கொள்கிறேன்.

எங்களுக்கு மூன்றாவதாக ஒரு தோஸ்த் உண்டு. ஷஹீன் பானு அக்கா, கஸ்பாவில் இருக்கிறவர். நாங்கள் தைத்ததைச் சரிபார்த்து அனுப்புகிற செக்கிங் வேலை அவருக்கு. மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் மூன்று பேரும் மேகலா வீட்டில் கூடிவிடுவோம். அதற்கு ஷஹீன் அக்கா ஒரு சட்டம் போட்டிருந்தார். நல்ல சேதியெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால், கவலையெல்லாம் சாப்பிட்ட பிறகு. "கவலையச் சொல்லிட்டு உக்காந்தா சோறு எறங்காதுடி" என்பார்.

போன ஆகஸ்ட் பதினைந்து வெள்ளிக்கிழமை வந்தது. ஆடிக் கடைசி வெள்ளி. காலையில் கம்பெனியில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நேராக மேகலா வீட்டுக்குப் போனோம். அம்மனுக்கு ஊற்றிய கூழ், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. அவள் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் கோயிலில் இருந்தார்கள்.

நல்ல சேதி எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. சாம்பிள் ரூமில் ஒரு இடம் காலி. லைனில் மணிக்கு இத்தனை ஜோடி என்று போர்டு தொங்கும், ஒன்று குறைந்தால் சூப்பர்வைசர் தலைக்கு மேல் வந்து நிற்பான், மூத்திரம் போகக்கூட யோசிக்க வேண்டும். சாம்பிள் ரூமில் அதெல்லாம் கிடையாது. வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டுகிற முதல் ஜோடியை நிதானமாகத் தைக்கலாம். முதுகு சாய்கிற நாற்காலி, ஏசி. இருபத்திநாலு வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்த இடுப்புக்கு அந்த நாற்காலிதான் மோட்சம். மேகலாவும் நானும்தான் கடைசி வரை தேறியவர்கள். திங்கட்கிழமை ஆளுக்கு ஒரு ஜோடி தைத்துக் காட்ட வேண்டும். யார் தையல் நன்றாக இருக்கிறதோ அவளுக்கு இடம்.

சாப்பிட்டோம். கவலை நேரம் வந்தது. ஷஹீன் அக்கா மருமகளோடு நடக்கும் சண்டையைச் சொன்னார். நான் பிரேம்நாத்தின் அரியரைச் சொன்னேன். மேகலா சொன்ன கவலையைக் கேளுங்கள்: "பெரியவனுக்கு ரெண்டு கம்பெனில வேல கெடச்சிருக்குது. பெங்களூர் போறதா, சென்னை போறதான்னு ஒரே பேஜாரா இருக்குது." இது ஒரு கவலை! கர்த்தரே, எனக்கு ஏன் இந்தக் கவலையைக் கொடுக்கவில்லை என்று மனசுக்குள் சண்டை போட்டேன். கவலையில்கூட அவளுக்கு நல்ல சரக்காகத்தான் வருகிறது.

வீட்டுக்கு விருந்தாளி வருவதாக ஷஹீன் அக்கா சீக்கிரம் கிளம்பிவிட்டார். அவரை அனுப்பிவிட்டு வந்து மேகலா கதவைச் சாத்தினாள்.

"ஹெலனு, உங்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாத."

"இன்னாடி?"

"எனக்குக் கண்ணு சரியா தெரியல. ஆறு மாசமா. மத்த கலர்னா சமாளிச்சிடறேன். கருப்புத் தோல்ல கருப்பு நூல் வந்தா ஓரம் எது, போன தையல் எதுன்னே தெரியல. நகத்தால தடவித் தடவித் தைக்கறேன்."

"டாக்டர்கிட்ட போறதுதானே?"

"பயமா இருக்குதுடி. எங்கம்மாவுக்கு நாப்பத்தஞ்சு வயசுல சக்கரையால கண்ணு போச்சு. போயி, அதேதான்னு சொல்லிட்டாங்கன்னா? பெரியவன் ஒரு வேலைல உக்கார்ற வரைக்கும் தள்ளிடலாம்னு பாக்கறேன். வீட்ல அவருக்குக்கூடத் தெரியாது."

"அப்போ எங்கிட்ட ஏன் சொல்ற? நானும் போட்டியில இருக்கறேனே."

"அதுக்குதான் சொல்றேன். நாளைக்கு எனக்கே கெடச்சி, அப்பறமா உனக்குத் தெரிய வந்தா, இவ மறைச்சு ஏமாத்திட்டான்னு நெனச்சிடக் கூடாதுல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "யாரு கண்ணு பட்டுச்சோ தெரியல."

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். நான் குனிந்து தட்டில் ஒட்டியிருந்த கீரையை வழித்தேன். அவள் கையைப் பிடித்து, "ஒண்ணும் ஆவாதுடி, பயப்படாத" என்றேன். சொல்லும்போது எனக்கும் அழுகை வந்தது, பொய்யில்லை. ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து என் கைரேகையைப் பார்த்தேன். ஒவ்வொரு கோடும் துல்லியமாகத் தெரிந்தது. அவளிடம் இல்லாத ஒன்று முதல் தடவையாக என்னிடம் இருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்லவளாக இருப்பதிலும் அவள்தான் என்னை முந்தினாள், கண்ணிலாவது நான் முந்திக்கொள்கிறேனே!

மறுநாள் சனிக்கிழமை. வீட்டில் பிள்ளை கேட்டானென்று பிரியாணி வாங்க பைபாஸ் பக்கம் போனேன். அங்கே பார்சலுக்கு நின்றுகொண்டிருந்தார் வக்கார் அகமது சார். சாம்பிள் ரூமுக்கு அவர்தான் பொறுப்பு. நல்ல மனுஷர், கடையிலும் பேச்சு வேலையைப் பற்றித்தான்.

"இன்னாமா ஹெலன், திங்கக்கிழமைக்கு ரெடியா? பழுப்புத் தோல் கொஞ்சம் மீதி இருக்குது. ரெண்டு பேருக்கும் அதுலயே வெட்டிக் குடுத்துடறேன்."

நான் யோசித்துச் சொன்னதாக நினைக்காதீர்கள். யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம்.

"பழுப்புல யார் வேணாலும் தைப்பாங்க சார். கருப்புல கருப்பு நூல் குடுங்க. அதுலதான் கை தெரியும்."

அவர் சிரித்தார். "எல்லாரும் ஈசியா கேப்பாங்க, நீ கஷ்டமானதக் கேக்கற. சரி, அப்டியே வெச்சிக்கலாம்."

அவ்வளவுதான். யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை, யாரைப் பற்றியும் ஒரு குறை சொல்லவில்லை. ஒரு கலர் பெயரைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாவ அறிக்கை வந்தபோது மற்றவர்களோடு சேர்ந்து நானும் சத்தமாகச் சொன்னேன். இதை மட்டும் அதில் சேர்க்கவில்லை.

அன்று சாயங்காலம் மேகலா போன் செய்தாள்.

"கையெல்லாம் சில்லுனு ஆவுதுடி. நாளைக்கு இன்னா கலர் குடுப்பாங்கன்னு உனக்கு எதனா தெரியுமா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் காலையில் சாரிடம் போய் உள்ளதைப் பேசியிருப்பாள், இல்லை டெஸ்டுக்கே வரவில்லை என்றிருப்பாள். பத்துப் பேர் முன்னால் தலை குனியாமல் தப்பித்திருப்பாள்.

"பழுப்புதான் குடுப்பாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றேன். "நிம்மதியா தூங்கு."

"அப்பாடா! நீ நல்லா இருப்படி" என்றாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு சாம்பிள் ரூமில் பக்கத்துப் பக்கத்து மெஷின்களில் எங்களை உட்கார வைத்தார்கள். லைன் சூப்பர்வைசர், மேனேஜர், வேடிக்கை பார்க்க நாலைந்து பேர். செக்கிங்குக்கு ஷஹீன் அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். வக்கார் சார் இரண்டு பேர் முன்னாலும் தோலை வைத்தார். கருப்பு. பக்கத்தில் நூல்கண்டு, அதுவும் கருப்பு.

மேகலா தோலைப் பார்த்தாள். சாரைப் பார்த்தாள். "பழுப்புன்னு சொன்னாங்களே சார்?"

"பழுப்புதான் வெச்சிருந்தேன். ஹெலன்தான் சனிக்கிழமை, கருப்பு குடுங்க சார், அதுலதான் கை தெரியும்னு கேட்டுச்சு" என்றார் சார். எல்லோரும் கேட்கும்படி, என்னைப் பாராட்டிச் சொன்னார்.

மேகலா என் பக்கம் திரும்பினாள். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் முறைத்திருப்பேன். அவள் கணக்குப் புரியாத பிள்ளை மாதிரி பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. அப்புறம் குனிந்து நூலைக் கோர்க்கத் தொடங்கினாள். நூல் ஊசிக் காதில் நுழையவே இல்லை. மூன்று தடவை, நாலு தடவை. ஷஹீன் அக்கா போய்க் கோர்த்துக் கொடுத்தார்.

நான் தைத்தேன். இருபத்திநாலு வருஷத்தில் அவ்வளவு அழகாகத் தைத்ததில்லை. பக்கத்து மெஷின் ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். நின்றபோதெல்லாம் அவள் நகம் தோலில் உரசுகிற சத்தம் கேட்டது. முடித்ததும் சார் இரண்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். அவளுடைய இரண்டாவது வரிசை ஓரத்தை விட்டு விலகி, முதல் வரிசை மேல் ஏறிப் போயிருந்தது. லைனில் நம்பர் ஒன் என்று பேர் வாங்கியவளின் தையல். வக்கார் சார், "இன்னாமா, ஒடம்பு சரியில்லயா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கண்ணு தெரியல சார்" என்றாள் மேகலா. அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். என்னிடம் திரும்பி, "நல்லா தைச்சிருக்கற ஹெலன்" என்றாள். 'டி' என்று சேர்க்கவில்லை, ஹெலனு என்று இழுக்கவும் இல்லை.

இடம் எனக்குக் கிடைத்தது. அந்த வாரமே ஆதிகேசவன் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சர்க்கரையும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளெழுத்து. நாற்பது தாண்டினால் எல்லோருக்கும் வருவது. ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் லைனில் அவள் மறுபடியும் நம்பர் ஒன். கண்ணாடி போட்டதும் டீச்சர் மாதிரி ஒரு களை வேறு வந்துவிட்டது முகத்துக்கு. எனக்கு அதிலும் எரிந்தது, மறைப்பானேன்.

நாற்காலி நன்றாகத்தான் இருக்கிறது. இடுப்பு வலி பாதி குறைந்துவிட்டது. சாம்பிள் ரூமுக்குச் சாப்பாட்டு நேரம் வேறு, அதனால் லைன்காரர்களோடு சாப்பிட முடியாது. மேகலா சண்டைக்கு வருவாள் என்று ஒரு மாசம் காத்திருந்தேன். பதில்கள்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் வரவே இல்லை. வழியில் பார்த்தால் சிரிப்பாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள்.

தீபாவளி திங்கட்கிழமை வந்ததால் மூன்று நாள் லீவு. கூப்பிடமாட்டாள் என்று நினைத்தேன். கூப்பிட்டாள். போனேன். ஷஹீன் அக்காவும் வந்திருந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் நல்ல சேதிகள்: பையன் பெங்களூர் என்று முடிவு செய்துவிட்டான், இவர்கள் வீட்டு மாடியில் ஒரு ரூம் கட்டப் போகிறார்கள். சாப்பிட்டோம். ஷஹீன் அக்கா அன்றைக்குத் தன் மருமகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். பிரேம்நாத் படிப்பை விட்டுவிடுகிறேன் என்கிறான் என்று சொன்னேன். மேகலா அக்கறையாகக் கேட்டாள், ஆறுதலும் சொன்னாள்.

"உனக்கு இன்னாடி கவல?" என்றேன்.

"எனக்கு இன்னா, எல்லாம் நல்லா இருக்குது" என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கூட ஷஹீன் அக்காவும் போனார்.

குழாயில் தண்ணீர் விழுந்தது. அப்புறம் மேகலாவின் குரல், ரொம்பத் தணிவாக. பத்து நிமிஷம் நிற்காமல் பேசினாள். நடுவில் ஒரு தடவை குரல் உடைந்தது. "பயமா இருக்குதுக்கா" என்பது மட்டும் என் காதில் விழுந்தது. எழுந்து போய்ச் சமையல்கட்டு வாசலில் நின்றேன். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மேகலாவின் கை ஷஹீன் அக்காவின் கைக்குள் இருந்தது.

"இன்னாச்சு மேகலா?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சிரித்தாள். "ஒண்ணுமில்ல ஹெலன். பெரியவனுக்குக் கம்பெனியிலயே தங்க ரூம் குடுக்கறாங்களாம், அதான் சொல்லிட்டிருந்தேன். நீ போய் உக்காரு, அதிரசம் எடுத்தாறேன்."

அவளுடைய டைல்ஸைப் பார்த்து எரிந்திருக்கிறேன், புருஷனைப் பார்த்து எரிந்திருக்கிறேன். அன்றைக்கு அந்த வாசலில் நின்றபோது ஷஹீன் அக்காவைப் பார்த்து எரிந்த மாதிரி ஜென்மத்தில் எரிந்ததில்லை.

அவளுக்கு என்ன பயம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லீவு விட்டால் இப்போதும் கூப்பிடுகிறாள், நானும் போகிறேன். எனக்கு அவள் நல்ல சேதி மட்டும்தான் சொல்கிறாள்.