நார்வேக்குப் போன மூன்று அங்குலப் பாவாடை

தம்பிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் அவனுடைய போன் ‘டிங்’ என்றது. அது கடைக்கு ஆர்டர் வந்தால் மட்டும் அடிக்கும்படி அவன் வைத்திருந்த மணி. கடை என்றால் ஷட்டரும் போர்டும் வைத்த கடை இல்லை. மதுரை ஆரப்பாளையத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் ஒன்றரை அறை வீடு, அதில் என் தையல் மிஷின், அவன் போன். அவ்வளவுதான் கடை.

நான் தைப்பது சாமி உடுப்பு. வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கிற சின்னச் சிலைகளுக்கு. மூன்று அங்குல அம்மனுக்குப் பட்டுப் பாவாடை, நாலு அங்குலக் கிருஷ்ணனுக்கு வேட்டி. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ரவிக்கை தைத்து மிஞ்சிய பட்டுத் துண்டில் விளையாட்டாக ஒன்று தைத்தேன். அதைப் படம் பிடித்து ஆன்லைனில் ஏற்றியவன் தம்பி. சென்னை, கோயம்புத்தூர் என்று ஆர்டர் வர ஆரம்பித்தது. படம், விலை, பேச்சு, பார்சல் எல்லாம் அவன். நான் தைப்பதோடு சரி. காய்ச்சல் என்று படுத்தான். ஐந்தாம் நாள் ஆள் இல்லை. இருபத்திரண்டு வயது.

அந்தப் போனை எடுக்கவே எனக்குக் கை வரவில்லை. அம்மாதான் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே, “யாருன்னு பாரு, பாவம், பதில் சொல்லணும்ல” என்றாள்.

ஆர்டர் நார்வேயிலிருந்து. அங்கே இருக்கிற ஒரு தமிழ் அம்மா. மூன்று அங்குல அம்மனுக்கு மூன்று பாவாடை, பச்சை, சிவப்பு, மாம்பழ மஞ்சள். நவராத்திரிக்குள் கிடைத்தால் சந்தோஷம் என்று எழுதியிருந்தார்கள். மூன்றுக்கும் எழுநூற்று ஐம்பது ரூபாய், அனுப்பும் செலவு அறுபது, எல்லாம் கட்டியாகிவிட்டது. அந்த அறுபதைத் திரும்ப ஒரு தடவை படித்தேன். அது சென்னைக்குப் போட்ட கட்டணம். படுப்பதற்கு முந்தின வாரம் தம்பி வெளிநாட்டுக்கும் கடையைத் திறந்துவிட்டிருக்கிறான். கட்டணத்தை மாற்றாமல் விட்டிருக்கிறான். மறந்தானா, அப்புறம் செய்யலாம் என்று வைத்தானா, யாரிடம் கேட்பது?

அன்றைக்கு மாமாவும் வீட்டில் இருந்தார். அம்மாவின் தம்பி. சோழவந்தான் பக்கமிருந்து தையல் கம்பெனிக்குப் பொம்பளைகளை ஏற்றி வரும் வேன் ஓட்டுகிறார். அந்த மாதிரிக் கம்பெனியை எங்கள் பக்கம் எக்ஸ்போர்ட் என்றே சொல்வோம்.

“ஏத்தா, போன பய போயிட்டான். அந்தப் போன மூடி வச்சுட்டு எக்ஸ்போர்ட்ல வந்து சேரு. என் வேன்லயே வந்துட்டு என் வேன்லயே திரும்பிறலாம். மாசம் பொறந்தா சம்பளம்.”

“தைக்கிறேன்ல மாமா.”

“என்னத்தத் தைக்கிற? உள்ளங்கையில வச்சு ஊதுனாப் பறந்துரும். அதுக்கு அந்தப் பயலும் ஒரு பெட்டி, ஒரு ரிப்பன்னு… எதுக்கு இம்புட்டு அலப்பறை?”

அவர் கெட்டவர் இல்லை. பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவர். எனக்குத்தான் கோபம் வந்தது.

“இந்த ஆர்டர் போகட்டும் மாமா. அவன் கடைசியாத் தொறந்து விட்டது.”

“சரி, போகட்டும். கைக்காசு போடாம இத அனுப்பிக் காமி, ஒன் கடைய நீயே வச்சுக்க, நான் ஒத்த வார்த்தை பேசல. கைக்காசு போச்சுன்னா, அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி வேன் வாசல்ல நிக்கும். ஏறிறணும்.”

“ஏறுறேன்” என்றேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். அத்தனை நாளில் அவள் சுவரை விட்டுத் திரும்பியது அப்போதுதான்.

நாலு நாளில் மூன்றையும் தைத்தேன். அடியில் விரல் நக அகலத்துக்குச் சரிகை, இடுப்பில் சுற்றிலும் ஊசி மடிப்பு. தம்பி வாங்கி வைத்திருந்த அரக்கு நிறப் பெட்டியில் வைத்து மூடினேன். கெட்டி அட்டை, தங்க எழுத்து. “பெட்டி ரிச்சா இருந்தாத்தான்க்கா பொருள் ரிச்சாத் தெரியும்” என்பான். பெட்டிச் செலவுக்காக நாங்கள் சண்டை போடாத வாரம் கிடையாது.

பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கிற ஒரு கூரியர் ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பையன் முதலில் பெட்டியை எடை போட்டான். பிறகு டேப்பை வைத்து நீளம், அகலம், உயரம் அளந்தான். நான் துணியைத்தான் அப்படி அளப்பேன், பார்சலை அளந்து பார்த்ததில்லை.

“ரெண்டாயிரத்து அறுநூத்து நாப்பது ஆகும்க்கா.”

“முந்நூறு கிராம்கூட இல்லயே தம்பி.”

“வெயிட்டு இல்லதான். பெட்டி சைஸுக்குக் காசுக்கா. ப்ளேன்ல எடத்த அடைக்குதுல்ல.”

“உள்ள காத்துதான் இருக்கு. காத்துக்குமா காசு?”

“காத்துக்கும் சேத்துத்தான்” என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, குரலைத் தாழ்த்தினான். “சின்னச் சாமான்னா பெரிய போஸ்ட் ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க. நாங்க நாலஞ்சு நாள்ல சேத்துருவோம், அவுங்க மூணு வாரம்கூட ஆக்கலாம். ஆனா கையக் கடிக்காது. எங்க மேனேஜர்ட்ட நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க.”

பெரிய போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் ஒரு அம்மா, மூக்கு நுனியில் கண்ணாடி. வெளிநாடு என்றதும் பெட்டியை வாங்கித் தராசில் வைத்தார்.

“எரநூத்துத் தொண்ணூறு கிராம். சின்னப் பொட்டலமாப் போடலாம். ஆனா மொத நூறு கிராமுக்கு ஒரு ரேட்டு, அதுக்கு மேல கூடிக்கிட்டே போகும் பாப்பா. உள்ள என்ன?”

“அம்மன் பாவாடை மேடம்.”

“கேர்ள்ஸ் ஸ்கர்ட்டா?”

“இல்ல, அம்மனுக்கு. மூணு இஞ்ச்.”

பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் ஒன்றை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்தார். “அடி ஆத்தி, இம்புட்டூண்டுல சரிகையா” என்று பக்கத்துக் கவுண்டருக்கும் காட்டினார். அதற்குப் பிறகுதான் சிக்கல். சுங்கப் படிவத்தில் உள்ளே இருக்கும் பொருளை இங்கிலீஷில் எழுத வேண்டுமாம்.

“ஸ்கர்ட்னு போட்டா பிள்ளைக உடுப்புன்னு நெனைப்பான். டால் டிரஸ்னு போட்டுருவோமா?”

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் விடவில்லை. “ஆத்தா உடுப்பப் பொம்மை உடுப்புங்கிறீயளே, நல்லாவா இருக்கு?”

“அப்ப நீங்களே சொல்லுங்க சார், நார்வேக்காரனுக்குப் புரியிற மாதிரி.”

“அம்மன் டிரஸ்னு போடுங்க.”

“அம்மன்னா யாருன்னு அவன் கேட்டா நீங்க போயிச் சொல்லிட்டு வாரீங்களா?”

வரிசையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். தம்பி போனபின் சிரித்தது அதுதான் முதல் தடவை, உடனே குற்றமாக இருந்தது. கடைசியில் ‘சிலைக்கு உடுத்தும் துணி, கையால் தைத்தது, மூன்று அங்குலம்’ என்பதைக் கவுண்டர் அம்மா இங்கிலீஷில் எழுதிக் காட்டினார். பெரியவரும் தலையாட்டினார்.

“வியாபாரத்துக்குத்தான அனுப்புற? ஏற்றுமதி நம்பர் வாங்கிருக்கியா?” என்று கேட்டார் அந்தக் கவுண்டர் அம்மா.

“அப்படின்னா?”

“வெளிநாட்டுக்கு விக்கிறவுங்களுக்குக் கவர்மென்ட் குடுக்கிற நம்பர். அது இல்லாம இதப் போட முடியாது. கொண்டு வா. வரும்போது இந்தப் பெட்டியையும் என்னமாச்சும் பண்ணு. சாமானவிடப் பெட்டிதான் கனக்குது.”

எனக்கு ஏது நம்பர்? பஸ்ஸில் வரும்போது மாமாவின் வேன் படிக்கட்டுதான் கண்ணுக்குள் நின்றது. வீட்டுக்கு வந்து தம்பி போனில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அவன் படங்கள் வரும்போதெல்லாம் வேகமாகத் தள்ளினேன். ‘அக்கா கடை’ என்று ஒரு போல்டருக்குப் பேர் வைத்திருந்தான். அதற்குள் துணிக் கடை பில், பெட்டி பில், கீழே ஒரு சர்ட்டிபிகேட். சிங்க முத்திரை போட்டது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். என் பேர். தம்பி பேர் இல்லை, என் பேர். ஏற்றுமதி செய்பவர் என்ற இடத்தில், உரிமையாளர் என்ற இடத்தில், இரண்டிலும் என் பேர். கவுண்டர் அம்மா கேட்ட நம்பரும் மேலேயே இருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒருநாள் நான் மிஷினில் இருக்கும்போது, “ஒன் போனுக்கு ஓடிபி வரும், சொல்லு” என்றான். “எதுக்குடா?” என்றதற்கு, “ஒன்னய வித்துட்டேன், வெல கம்மியாத்தான் வந்துச்சு” என்றான். நானும் நம்பரைச் சொல்லிவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன்.

தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அம்மா எழுந்து வந்து, “என்னடி, என்ன போட்டுருக்கு அதுல?” என்றாள்.

“நான் எக்ஸ்போர்ட்டுன்னு போட்டுருக்கும்மா.”

“மாமா கம்பெனியா?”

“இல்லம்மா. நான்தான். என் பேர்ல கவர்மென்ட்ல எழுதி வாங்கிருக்கான்.”

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என் பேர் எது என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தடவினாள். அவள் விரல் பட்டதும் போனில் அந்தப் பக்கம் நகர்ந்து போக, திரும்பக் கொண்டுவந்து காட்டினேன்.

மிச்சம் இருந்தது பெட்டி. பெட்டி இல்லாவிட்டால் மடிப்பு நசுங்கும், அதனால்தான் நானும் பெட்டிக்கு ஒத்துக்கொண்டிருந்தேன். பெட்டியை எடுத்துவிட்டு என்ன செய்வது என்பது தம்பிக்குத் தெரியாது, அது தைக்கிறவளுக்குத்தான் தெரியும். பாவாடையைப் பரப்பி வைத்தால் நசுங்கும். மடிப்பை மடிப்போடு சேர்த்து விசிறி மாதிரி மூடிவிட்டால்? பச்சைப் பாவாடையை எடுத்து ஒவ்வொரு மடிப்பாக நகத்தால் நீவி மூடினேன். இடுப்பு, நடு, அடி, மூன்று இடத்தில் வெள்ளை நூலால் தளரக் கட்டினேன். ஐஸ்குச்சி கனம்தான் வந்தது. சோதித்துப் பார்க்க வேண்டாமா? அரிசி மூட்டைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் எடுத்து நூலை வெட்டி ஒரு உதறு உதறினேன். மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி மாதிரி நின்றது. பெட்டியிலிருந்து எடுத்ததைவிட நன்றாக இருந்தது. “அம்மா, இங்க பாரு” என்று கத்தினேன். இதைத் தம்பியிடம் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டான், ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான். ஆனால் இதில் நான் சொன்னதுதான் சரி. செத்தவனிடம்கூட இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மூன்றையும் அப்படியே கட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, துணி ஒட்டிய காக்கிக் கவரில் வைத்தேன். ‘நூலை வெட்டி உதறவும்’ என்று ஒரு சீட்டு. தம்பி அச்சடித்து வைத்திருந்த நன்றி அட்டை ஒன்று. சர்ட்டிபிகேட் பிரின்ட்டையும் ஆதார் நகலையும் எடுத்துக்கொண்டு கவுண்டரில் போய் நின்றேன். அந்த அம்மா நம்பரைப் பதிந்துவிட்டு கவரைத் தராசில் வைத்தார். நூற்று மூன்று.

“அய்யய்யோ, மூணு கிராம் கூட இருக்கே. அடுத்த ரேட்டுக்குப் போயிரும். அந்த அட்டைய எடுத்துரு, சரியாப் போயிரும்.”

அட்டையைக் கையில் எடுத்தேன். அதில் பூ வரைந்தது அவன், எழுத்தைத் தேர்ந்தெடுத்தது அவன். வெளியே வைக்க மனசு வராமல் திரும்ப உள்ளேயே போட்டேன். அடுத்த ரேட் கட்டினால் கைக்காசு போகும், மாமா சொன்னபடி வேன் வாசலில் நிற்கும். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். கவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தைக்கிறவள் கண்ணுக்கு எது தெரியும்? மிச்சத் துணிதான் தெரியும். கவரின் தலைப்பில் மூன்று விரல்கட்டைக்கு வெறும் காகிதம் இருந்தது.

“மேடம், கத்திரி இருக்கா?”

கொடுத்தார். கோடு போடாமல் ஒரே இழுப்பில் வெட்டினேன், நேராக வந்தது. கொஞ்சமாக மடித்து ஒட்டிவிட்டு வைத்தேன். தொண்ணூற்றொன்பது.

“கோடே போடல, பாத்தியா” என்று அந்த அம்மா பக்கத்துக் கவுண்டரிடம் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் நிமிர்ந்தே நின்றேன். முந்நூற்று இருபது ரூபாய் கட்டினேன். அனுப்புநர் என்ற இடத்தில் என் கையாலேயே என் பேரை எழுதினேன்.

அடுத்த நாட்களில் போனில் அந்தப் பார்சல் நம்பரை அடித்து அடித்துப் பார்த்தேன். மதுரை, சென்னை, தில்லி. பிறகு ஒன்பது நாள் ஒன்றும் இல்லை. அம்மா கட்டிலை விட்டு எழுந்து உட்கார்ந்து, “இப்ப எங்கிட்டுப் போயிருக்கு?” என்று காலையிலும் மாலையிலும் கேட்பாள். தெரியாது என்று சொல்ல மனசில்லாமல், “கடல் மேல போயிக்கிட்டு இருக்கும்மா” என்பேன். பத்தொன்பதாம் நாள், நவராத்திரிக்கு முன்னாலேயே, சேர்ந்தது என்று காட்டியது. சாயங்காலம் அந்த நார்வே அம்மா எழுதியிருந்தார்கள். நூலை வெட்டி உதறினார்களாம், வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்களாம், இன்னும் நாலு வேண்டுமாம்.

மாமாவுக்குப் போன் போட்டேன்.

“போய்ச் சேந்துருச்சு மாமா.”

“அப்படியா. கைக்காசு?”

“போடல. துணி, ஆன்லைன்காரன் கமிஷன், தபால், பஸ் எல்லாம் போக நூத்தி நாப்பது ரூவா நிக்கிது.”

“நூத்தி நாப்பதா? ஒரு நா கூலிகூட இல்லயேத்தா.”

“இல்லதான் மாமா.”

“அதுக்கா இம்புட்டுச் சவுண்டாப் பேசுற?”

“ஆமா மாமா.”

வேனை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “சரி, ஒண்ணாந்தேதி நான் வரல” என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாமா சொன்ன கணக்கு தப்பில்லை, நூற்று நாற்பது ரூபாயில் வாடகை கட்ட முடியாது. அன்றே கடைப் பக்கத்தைத் திறந்து, வெளிநாட்டுக் கட்டணத்தை நானே மாற்றினேன். நூறு கிராமுக்குள் ஒரு விலை, அதற்கு மேல் ஒரு விலை. அவசரம் என்றால் கூரியர், அதன் காசு வாங்குகிறவர்களுக்கு. நாடுகளின் பேரை எழுத்துக் கூட்டி அடிக்கவே ரொம்ப நேரம் ஆனது. எட்டாம் வகுப்பில் பூகோளத்தில் நான் பெயில். இப்போது ஒவ்வொரு நாட்டுக்கும் என்ன விலை, எத்தனை நாள் என்று கேட்டால் பார்க்காமல் சொல்வேன்.