தும்பிக்கை இல்லாமல் விற்ற யானை

எங்கள் வண்டியை ஒருவழியாக விற்றுவிட்டேன், பிள்ளைகளே!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அந்த வண்டியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன் - குட்டியானை என்பார்களே, அந்தச் சின்ன லோடு வண்டி. மெத்தைக் கடைகளுக்கு லோடு அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு கம்பெனி வேனுக்கு டிரைவராகச் சேர்ந்துவிட்டதால், யானை சென்னையை ஒட்டிய நூம்பலில் எங்கள் வீட்டு வாசலில் சும்மாவே நின்றது.

விற்பது அவ்வளவு சுலபமா? வந்தவர்கள் எல்லாரும் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

"இன்னா அண்ணாத்தே, இது வண்டியா, கல்யாண மண்டபமா?"

தப்பு என்னுடையதுதான். ஏர் ஹாரன், நீல லைட்டு, கேபினுக்குள் ஃபேன், நாலு ஸ்பீக்கர்... ஆசை ஆசையாக மாட்டியிருந்தேன். மெத்தை கனமில்லை, ஆனால் இடத்தை அடைக்கும். அதனால் பின்பக்க பாடியைக் கேபினுக்கு மேலே ஒன்றரை அடி தூக்கிக் கட்டியிருந்தேன். இதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை. அபராதமும் கட்டியிருக்கிறேன். நீங்கள் பெரியவர்களாகி வண்டி வாங்கினால் என்னைப் பார்த்து இதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பாடியைத் தூக்கிக் கட்டிய முதல் மாதமே ஒரு ரயில்வே சப்வேயில் மாட்டிக்கொண்டேன். சப்வேக்கு முன்னால் உயரமான வண்டிகளைத் தடுக்க மஞ்சளும் கறுப்புமாக ஓர் இரும்புக் கட்டை இருக்குமே, அதில் போய் 'டமால்'! மேல் கம்பி வளைந்தது. மூன்று மெத்தை ரோட்டில் உருண்டது. அதற்கப்புறம் முன் பம்பரில் ஒரு கிளாம்ப் போட்டு, ஆறடி பிளாஸ்டிக் பைப்பை நட்டுக்குத்தலாகச் செருகினேன். பாடியைவிட நாலு விரல் உசரம். கட்டையில் முதலில் பைப் தட்டும். தட்டினால் நிறுத்திவிட வேண்டும். அவ்வளவுதான் டெக்னாலஜி! ஆறாவது படிக்கும் என் மகள் கயல் அதற்குத் தும்பிக்கை என்று பெயர் வைத்தாள்.

எங்கள் தெருவில் கோபி என்று ஒரு தம்பி. பழைய வண்டி வாங்கி விற்பவர். அவர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அல்லாத்தையும் கயட்டு அண்ணாத்தே. வண்டி கிளீனா இருக்கணும். இன்னா குச்சி இது, பம்பர்ல? பாக்கறவன் பயந்துடுவான். அப்புறம், ஆளு வந்தா நீ வாயத் தொறக்காத. நீ உண்மை பேசிப் பேசித்தான் நாலு பேரு ஓடிப்போனான்."

கழற்றினேன். பாடியை மட்டும் கழற்ற முடியவில்லை, வெல்டிங் ஆயிற்றே! தும்பிக்கையைத் துவைக்கிற கல் பக்கத்தில் ஒரு மூலையில் சாய்த்து வைத்தேன்.

ஆவடியிலிருந்து டில்லி என்று ஒருவர் வந்தார். வாட்டர் கேன் போடுகிறவர். கூடவே அவருடைய மச்சான். வண்டி அவருக்குப் பிடித்துவிட்டது.

"பாடி உசரம் வேணாம். அடுத்த வாரம் வெட்டி எறக்கிட்டுத்தான் ஆர்.சி. புக்ல பேர் மாத்தணும். வேற எதுனா கீதா அண்ணாத்தே, சொல்றதுக்கு?"

நேராகவே கேட்டார். நான் வாயைத் திறந்தேன். கோபி என் முதுகில் கிள்ளினார்.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

மறந்துவிட்டேன் என்று உங்களிடம் எழுதலாம். ஆனால் அது பாதிப் பொய். பாதி மறதி, பாதி பயம். இவரும் போய்விட்டால் யார் வாங்குவார்கள் என்கிற பயம்.

சாவியைக் கொடுத்தேன். மச்சான் பின்னால் ஏறி, மேல் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டார். கம்பிக்கு மேலே அவர் தலை தெரிந்தது. கை ஆட்டினார். யானை போய்விட்டது. அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

ஒரு டீ குடிக்கும் நேரம்கூட இருக்காது.

"அப்பா, தும்பிக்க இங்கியே கீதே!" கயல் பைப்பைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "அந்த அண்ணன் ஊட்டுக்கு எப்டிப் போவாரு?"

டில்லியின் வீடு ஆவடியில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். குறுக்கு வழி நான் மாட்டிக்கொண்ட அதே சப்வே. கம்பிக்கு மேலே மச்சானின் தலை!

போன் அடித்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. ஓட்டும்போது போன் எடுக்காத நல்ல டிரைவர். அன்றைக்குப் பார்த்தா அப்படி ஒரு நல்லவர் எனக்கு வாய்க்க வேண்டும்?

ஸ்கூட்டரை எடுத்தேன். இரண்டு பேருக்கும் ஹெல்மெட். பின்னால் கயல், கையில் நட்டுக்குத்தலாகத் தும்பிக்கை. திருவேற்காடு சிக்னலில் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"மாமே, கொடி எங்க? எந்தக் கட்சி?"

பச்சை விழுந்ததும் கிளம்பினேன்.

சப்வேக்குப் போனால் யானையைக் காணோம். பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன், "உசரமா ஒரு குட்டியானை வந்துச்சாம்மா? இடிச்சிதா?"

"வந்தா சத்தம் கேட்டிருக்கும் நைனா. இன்னும் வரல."

வரவில்லையா? நமக்கு முன்னால் கிளம்பிய வண்டி எங்கே போனது? வேறு எங்காவது... இரும்புக் கட்டைக்கு அடியில் நின்றுகொண்டு நான் நினைக்காத விபரீதம் இல்லை. கயல் மட்டும் பைப்பைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முக்கால் மணி நேரம்.

"அப்பா! வருது!"

வந்தது. முகப்பில் சாமந்தி மாலை. கண்ணாடியில் சந்தனப் பொட்டு. டயரில் எலுமிச்சம்பழம் நசுங்கிய தடம். திருவேற்காட்டுக் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டு வருகிறார்கள்! நாங்கள் அதே கோயிலைத் தாண்டித்தான் பறந்து வந்திருக்கிறோம். பின்னால் நெற்றி நிறைய குங்குமத்தோடு மச்சான், அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு.

நடு ரோட்டில் போய் இரண்டு கையையும் தூக்கினேன். பிரேக் கிறீச்சிட்டது.

டில்லி இறங்கி வந்தார், முகம் சுண்டிப்போயிருந்தது. "இன்னா அண்ணாத்தே, மனசு மாறிடுச்சா? வண்டியத் திருப்பிக் கேக்க வந்துகீறியா? பூஜை போட்டாச்சு, தர மாட்டேன்!"

நான் இரும்புக் கட்டையைக் கையால் காட்டினேன். கயல்தான் பேசினாள். "மொதல்ல அவர கீழ எறங்கச் சொல்லுங்கண்ணா."

மச்சான் இறங்கினார். கழற்றாமல் பம்பரிலேயே விட்டிருந்த கிளாம்பில் கயல் பைப்பைச் செருகினாள். வண்டியை மெல்ல உருட்டச் சொன்னாள். டில்லி உருட்டினார்.

'டொக்.'

பைப்பின் நுனி இரும்புக் கட்டையில் தட்டி வளைந்தது. டில்லி தலையை வெளியே நீட்டிப் பைப்பைப் பார்த்தார். அதற்குப் பின்னால் பாடியின் மேல் கம்பியைப் பார்த்தார். மச்சான் தன் உச்சந்தலையைத் தடவிக்கொண்டார்.

"நீ கேட்டப்பவே சொல்லியிருக்கணும்பா" என்றேன். "தப்பு எம்மேலதான்."

"அது கெடக்கட்டும்... இம்மாம் நல்ல சாமான ஏன் அண்ணாத்தே கயட்டுன?"

"வண்டி அழகா இருக்கணும்னு."

டில்லி சிரித்தாரே ஒரு சிரிப்பு! அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சே திரும்பி வந்தது. இளநீரும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார். மச்சான் இந்தத் தடவை கேபினுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். வண்டியைத் திருப்பிக்கொண்டு மேம்பாலம் சுற்றிப் போனார்கள். தும்பிக்கை ஆடிக்கொண்டே போனது.

எனக்கு ஒன்று புரிந்தது, பிள்ளைகளே. அடுத்தவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று நாம் மறைக்கிற அசிங்கமான சாமான்தான், சில சமயம் அவர்களைக் காப்பாற்றுகிற சாமான். ஏர் ஹாரனைக் கழற்றியதால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பைப்பைக் கழற்றியதால் ஓர் உயிர் போயிருக்கும்.

நேற்று டில்லி போன் பண்ணினார். பாடியை வெட்டி இறக்கியாயிற்றாம், பேரும் மாற்றியாயிற்றாம். துவைக்கிற கல் பக்கத்து மூலை இப்போது காலி. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு நிம்மதி.

அடுத்து என் பழைய ஸ்கூட்டரை விற்கலாம் என்று இருக்கிறேன். பேசப்போவது கயல்; வாயைத் திறக்காமல் நிற்கப்போவது நான்.