நான் எரித்த டிரான்ஸ்பார்மர்

யுத்த காலத்தில் திருச்சியில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு டீச்சரம்மாள் வீட்டு ரேடியோவில் ஃபியூஸ் போயிருந்தது. ஏன் போயிற்று என்று பார்க்காமல், அவசரத்தில் தடித்த கம்பியை வைத்துக் கட்டினேன். சற்று நேரத்தில் புகை கிளம்பி, செட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரான்ஸ்பார்மரே எரிந்துவிட்டது.

"பழசும்மா, அதான் போயிடுச்சு. இப்பப் புதுசும் கிடைக்காதுங்க" என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

பட்டாளத்தோடு சிங்கப்பூர் போன அவர் மகனைப் பற்றித் தகவலே இல்லை. அங்கே ஜப்பானியரிடம் பிடிபட்டவர்களின் பெயர்களைச் சாயங்காலத்தில் ரேடியோவில் வாசிப்பார்கள்.

மறந்து வைத்த ஸ்குரூ டிரைவரை எடுக்க இரண்டு நாள் கழித்துப் போனேன். மேஜையில் ஒரு நோட்டு விரிந்திருந்தது. பக்கம் பக்கமாகப் பெயர்கள், எதிரே உப்பிலியபுரம், வையம்பட்டி என்று ஊர்கள்.

"இவங்கெல்லாம் யாரும்மா?"

"எனக்குத் தெரியாது. அவா ஆத்துலயும் காத்துண்டிருப்பாளே. ரேடியோல பேர் வந்தா ஒரு கார்டு போட்டுடுவேன்."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"ரெண்டு நாள் பேரெல்லாம் போயிடுத்து. இன்னிக்காவது கேக்க முடியுமா, பாருங்கோ" என்றார்.

என் சொந்த ரேடியோவிலிருந்து டிரான்ஸ்பார்மரைக் கழற்றி வந்தேன். முதலில் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, பிறகு அதைப் பொருத்தினேன்.

அன்று அவர் மகன் பெயர் வரவில்லை. மணப்பாறைக்காரர் ஒருவர் பெயர் வந்தது. அந்த வீட்டுக்கு டீச்சரம்மாள் எழுதிய கார்டை நான்தான் தபாலில் சேர்த்தேன்.

அந்த இரண்டு நாளில் எந்த வீட்டுக்குச் சேதி போகாமல் நின்றதோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.