ஏலம் போன பள்ளிக்கூடக் கேட்

ஆகஸ்ட் பதினொன்று, திங்கட்கிழமை.

வழக்கம்போல எழுந்து டைரியில் தேதி எழுதினேன். மோட்டார் போட்டேன்; தொட்டி நிறைந்ததும் நிறுத்தினேன். திங்கட்கிழமை என்றால் எனக்கு வெள்ளைச் சட்டை — இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிற நீங்கள் இதைக் கேலி செய்து நிறையவே எழுதிவிட்டீர்கள், பரவாயில்லை. இட்லி, தேங்காய்ச் சட்னி. பையில் கறுப்புப் பேனா ஒன்று, நீலப் பேனா ஒன்று. மாதா கோயில் திருவிழா முடிந்து ராட்டினங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர் தன் பழைய சத்தத்துக்குத் திரும்பியிருந்தது.

பைக்கை எடுத்துக்கொண்டு துறைமுகச் சாலையில் ஏறினேன்.

அங்கே பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

சாலையின் இடது ஓரத்தில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள். பக்கத்திலேயே வரிசையாக ஓடும் கன்டெய்னர் லாரிகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு இடைவெளி. அந்த இடைவெளியில், சீருடையும் புத்தகப் பையுமாக, எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருந்தார்கள்!

முன்னால் வந்த சிறுமி லாரி டயரைவிடக் கொஞ்சம்தான் உயரம். ஓடுகிற டயர் அவள் பையை உரசிவிட்டது என்றே நினைத்தேன். உரசவில்லை. அவ்வளவுதான்... உரசவில்லை.

ஒரு கிளியரிங் ஆபீஸில் இந்தக் கன்டெய்னர் பெட்டிகளுக்குச் சுங்கப் பேப்பர் போடுவதுதான் என் பிழைப்பு. டிரைவர்கள் பலரைத் தெரியும். அவர்கள் உட்கார்ந்திருக்கும் உயரத்திலிருந்து, வண்டியை ஒட்டி இடது பக்கம் நடக்கிற குழந்தை கண்ணில் படவே படாது.

பைக்கை ஓரம் கட்டிவிட்டு ஓடினேன். கடற்கரைத் தெருப் பிள்ளைகளுக்கு, பள்ளியின் முன்வாசல் இருக்கும் இந்தச் சாலையில் என்ன வேலை? மணல் பாதையில் வந்து பள்ளியின் பின்பக்கக் கேட்டில் நுழைகிறவர்கள் ஆயிற்றே?

"கேட்டப் பூட்டிட்டாவ சார்" என்றாள் அந்தச் சிறுமி. "கமிட்டில சொல்லிட்டாவளாம்."

அந்தக் கமிட்டியில் நானும் ஒருவன்.

பள்ளி மேலாண்மைக் குழு என்பார்கள். பெரும்பாலும் பெற்றோர்கள், தலைவரும் ஒரு பெற்றோரே. கூடவே தலைமை ஆசிரியை, வார்டு உறுப்பினர், 'கல்வி ஆர்வலர்' என்ற பெயரில் என்னைப்போல் ஒருவர். எங்கள் பழைய குழு கூடும், பேசும், டீ குடிக்கும், எதையும் முடிக்காமல் கலையும். அலுத்துப்போய்த்தான் இந்த முறை பனிமயக்காவைத் தலைவராக்கினோம்.

பனிமயக்கா கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். அவர் ஏலத்தில் கள்ளம் என்று படகுக்காரரும் சொன்னதில்லை, வாங்குகிறவரும் சொன்னதில்லை. தூத்துக்குடிக் கடற்கரையில் இது சின்ன விஷயமா?

வெள்ளிக்கிழமை அவருடைய முதல் கூட்டம். டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார்! யாராவது ஒரு யோசனை சொல்வார்கள். அக்கா எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். "ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்." மேசையில் ஒரு தட்டு. முடிந்தது. குடிநீர்க் குழாய், முடிந்தது. சத்துணவுக் கூடத்தின் கூரை, முடிந்தது. மூன்றாவதாகப் பின்பக்கக் கேட்.

அதைப் பூட்டச் சொன்னவர் பால்துரை அண்ணாச்சி. மெயின் ரோட்டில் மளிகைக் கடை; வார்டு உறுப்பினர். ராத்திரியில் அந்தக் கேட் வழியாகக் குடிகாரர்கள் வந்து மைதானத்தில் பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள். அவருடைய பேத்தி காலில் கண்ணாடி ஏறித் தையல் போட்டிருந்தது. பூட்டித் திறக்க வாட்ச்மேன் கிடையாது. அதனால் ஒரேயடியாகப் பூட்டிவிடலாம் என்றார். பூட்டும் நானே வாங்கித் தருகிறேன் என்றார்.

யாரும் பேசவில்லை. கடற்கரைத் தெரு அம்மாமார் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களே பேசவில்லை என்றால் எனக்கென்ன? மூணு தரம். ஒரு தட்டு. அன்றைய டைரியில் 'இப்படி ஒரு கூட்டம் பார்த்ததே இல்லை' என்று எழுதினேன்.

உண்மைதான், பார்த்ததே இல்லை.

பிள்ளைகளைப் பள்ளி வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். ஆபீஸுக்குப் போன் செய்து தாமதமாகும் என்றேன். எதிர்முனையில் 'நீங்களா?' என்று இரண்டு முறை கேட்டார்கள். நேராக ஏலக்கூடத்துக்கு வண்டியை விட்டேன்.

பனிமயக்கா ஒரு நெத்திலிக் கூடையைக் காலடியில் வைத்து விலை கூறிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பெண்கள். ஒரு ஐஸ் பெட்டியின் மேல் சின்னப் பெண் ஒருத்தி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். சீருடை, இரட்டைச் சடை, ரிப்பன், எல்லாம் இருந்தது. பள்ளிக்கூடத்தில்தான் அவள் இல்லை. மீன் விற்கும் ஜெசிந்தாவின் இளைய மகள் ஷெரின்.

"இவள் போகவில்லையா?" என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன்.

"நிப்பாட்டிட்டேன் சார். பெரியவ மட்டும் போறா. இவ ரெண்டாங் கிளாஸ்தான... லாரிக்குக் குடுக்கவா பெத்தேன்? வெவரம் தெரிஞ்ச பொறவு அனுப்பிக்கிடுதேன்."

நிறுத்திவிட்டாளா? ஒரு பூட்டுக்காக ஒரு பிள்ளையின் படிப்பா?

"வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நீங்களும் இருந்தீர்களே அம்மா!"

"நீங்களுந்தான இருந்திய?"

"வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொல்லத்தான சார் செஞ்சோம்!"

"எப்போது?"

"வாயத் தொறந்தோமா? தொறக்கலைல்லா? வேண்டாம்னுதான தொறக்கல." அவள் நெத்திலிக் கூடையைக் காட்டினாள். "இது எனக்கு வேண்டாம். அதுக்காவ அக்காட்ட வேண்டாம் வேண்டாம்னு கத்துவனா? சும்மா நிப்பேன். வேணுங்கிறவ கேட்டுக்கிடுவா. இங்கன வாயத் தொறந்தா வாங்கணும் சார்."

பனிமயக்கா விலை கூறுவதை நிறுத்திவிட்டார். அப்படி அவர் பாதி ஏலத்தில் நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. கூடமே திரும்பிப் பார்த்தது.

"ஏளா... நானும் அப்படித்தானளா குடுத்தேன்" என்றார் மெல்ல. "கடைசியாக் கேட்டவருக்கு. அங்கன கடைசியா வாயத் தொறந்தது அண்ணாச்சி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏலத்தில் வேண்டாதவர் பேசமாட்டார். மூணு தரம் சொன்னதும் கடைசியாகப் பேசியவருக்குப் பொருள் போய்விடும். எங்கள் பள்ளிக்கூடத்தின் கேட்டை, பட்டப்பகலில், தலைமை ஆசிரியை முன்னிலையில், பால்துரை அண்ணாச்சிக்கு ஏலம் விட்டிருக்கிறோம்! யாரும் ஏமாற்றவில்லை. எல்லாருமே முறைப்படிதான் நடந்துகொண்டோம்.

"எல்லாவளும் சும்மா இருந்தியளே... எம்மேல உள்ள நம்பிக்கைன்னுல்லா நெனச்சேன்" என்றார் அக்கா.

"நம்பிக்கைதான்க்கா" என்றாள் ஜெசிந்தா. "நீங்க கூறுனா தப்பா இருக்காதுன்னுதான் விட்டோம்."

திட்டியிருந்தால்கூட அக்காவின் முகம் அப்படி ஆகியிருக்காது.

அன்று சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் குழுவில் உள்ளவர்களை எல்லாம் பள்ளி வாசலுக்கு வரச் சொன்னார் பனிமயக்கா. உள்ளே நாற்காலி போட்டிருந்தது. உட்கார விடவில்லை.

அண்ணாச்சி வரும்போதே கோபத்தில் வந்தார். "மூணு தரம் கூறியாச்சு. எல்லாரும் இருந்திய. இப்ப வந்து மாத்துன்னா என்ன அர்த்தம்? எம் பேத்தி இன்னும் நொண்டுதா, தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி. இந்தப் பிள்ளைகளக் கூட்டிட்டு ஒரு நட நடந்துட்டு வந்து பேசுங்க. நாங்களும் வாரோம்" என்றார் அக்கா.

நடந்தோம். அதே இடைவெளி, அதே லாரிகள். அண்ணாச்சி கனத்த உடம்பு. ஜெசிந்தாவின் மூத்த மகளின் கையைப் பிடித்திருந்தார். பாதி தூரத்தில் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அண்ணாச்சி பிள்ளையை இழுத்துத் தன் முன்னால் அணைத்துக்கொண்டு, நின்றிருந்த லாரியோடு ஒட்டிக்கொண்டார். வண்டி தாண்டிப் போனபோது அவருடைய வெள்ளை வேட்டி முழுக்க கிரீஸ்.

"இந்தச் சவத்து ரோட்டுலயா வாரிய?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டார்.

"நீங்கதான தாத்தா பூட்டுனிய?" என்றது அது.

பின்பக்கக் கேட்டுக்கு வெளியே மணலில் உட்கார்ந்தோம். பனிமயக்கா மட்டும் நின்றார்.

"தப்பு என்னுது. கூறுனவ நான். ஏலத்துல கேக்குத மாதிரி பிள்ளைக காரியத்தக் கேட்டிருக்கப்பிடாது. இன்னைலருந்து எல்லாரும் வாயத் தொறக்கணும். வேணும், வேண்டாம், எதாவது ஒண்ணு. சும்மா இருந்தா, மத்த எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும். முதல்ல அண்ணாச்சி. கடைசியா ஜெசிந்தா."

"நானா ஃபர்ஸ்ட்டு?" என்றார் அண்ணாச்சி.

"ஆமா. கடைசியா விட்டா கேட்டத் தூக்கிட்டுப் போயிருவிய."

சிரிப்பு. அண்ணாச்சியும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. பிறகு வேட்டியைப் பார்த்துக்கொண்டே, "தொறக்கணும். ஆனா பாட்டிலுக்கு வழி சொல்லணும்" என்றார். ஒவ்வொருவராகப் பேசினார்கள். தலைமை ஆசிரியை பேசினார். நானும் பேசினேன். ஜெசிந்தாவின் முறை வந்தது.

"பள்ளிக்கூட நேரத்துக்குத் தொறக்கணும், ராத்திரி பூட்டணும். அண்ணாச்சி பேத்தி காலும் காலுதான?"

சரி... யார் திறப்பது, யார் பூட்டுவது? எல்லாரும் மணலைப் பார்த்தார்கள்.

"சும்மா இருக்கப்பிடாதுன்னு இப்பத்தான சொன்னேன்!" என்றார் அக்கா.

அண்ணாச்சி இடுப்பு பெல்ட்டில் கைவிட்டுச் சாவியை எடுத்தார். "ஏலத்துல எனக்கு விழுந்த கேட்டு. நானே பாத்துக்கிடுதேன்."

அந்த இரவு எனக்கு ஒன்றுதான் மண்டையில் ஓடியது. வேகமாக முடிவெடுக்கும் குழு, ஊரே நம்பும் தலைவர்... இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டும் இருந்தன. பிள்ளைகள் லாரிக்கு நடுவில் நின்றார்கள்! நம்பிக்கை என்பது நல்லவரிடம் காரியத்தை விட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது என்றே பழகிவிட்டோம். நல்லவர் என்றால் அவர் எதிரில் 'வேண்டாம்' என்று சொல்ல இன்னும் தைரியமாக இருக்கலாமே? அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்பதுதானே நம்பிக்கை? பனிமயக்காவை நான் ஏலக்கூடத்தில் நம்பியதைவிட, மணலில் நின்று 'தப்பு என்னுது' என்றபோது அதிகம் நம்பினேன்.

மறுநாள் செவ்வாய், நீலச் சட்டை. பால் பாக்கெட் வாங்கப் போனால், மளிகைக் கடை ஷட்டர் இறங்கியே கிடந்தது. வாசலில் பால் பாக்கெட் டிரேக்கள், பக்கத்தில் தூக்குச் சட்டியோடு சிலர் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். எந்தக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தாமதமாகத் திறக்காத கடை.

அண்ணாச்சி எங்கே?

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். பிள்ளைகள் வர இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. மணல் பாதையில் ஆள் இல்லை. ஆனால் கேட் அகலத் திறந்திருந்தது. அண்ணாச்சி குனிந்து உடைந்த கண்ணாடி பொறுக்கிக்கொண்டிருந்தார்.