பொன்னுதாஸ் குடைந்த ஹெட்டுகள்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு ஆட்டோ எஞ்சினின் வால்வுகளைத் தேய்த்தது. ஞாயிற்றுக்கிழமை. சபை முடிந்து வந்திருந்தோம். அடுப்பில் மாட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. ரப்பர் கப் வைத்த குச்சியை வால்வின் தலையில் ஒட்டி, மத்துக் கடைவதுபோல இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும். இடையில் தடவிய பசை உலோகத்தை அரைக்கும் சத்தம் முதலில் கரகரவென்று இருக்கும், பிறகு மெலியும். நான் உருட்டினேன். அப்பா மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார். கசிந்தது.

"இதுக்காக்கும் கோயம்புத்தூர்ல உனக்குச் சம்பளம் தாறானுவ?"

"அங்க இதுக்கு மெஷின் உண்டு."

"அப்பம் நீ இருந்துட்டு மெஷின அனுப்பியிருக்கலாம்."

அப்போது போன் வந்தது. கேட்டுவிட்டு என் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தார். குச்சி இரண்டாக ஒடிந்தது.

"ரேஸ்ல நிபினுக்க வண்டி தீப்பிடிச்சு. அவன் உள்ள இருந்திருக்கான்."

நிபின் ரேஸில் ஓட்டும் ஜீப்பின் ஹெட் அப்பா குடைந்தது.

எங்கள் வீடு பாறசாலையிலிருந்து தமிழ்நாட்டு எல்லைப்பக்கம் போகும் சாலையில். வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் பட்டறை. எஞ்சினுக்குள் காற்று போகும் வழியை அகலப்படுத்துவதுதான் என் அப்பா பொன்னுதாஸின் தொழில். எஞ்சினின் மேல்பாகம் ஹெட். அதற்குள் வளைந்து போகும் துளைகள் வழியாகக் காற்று இறங்குகிறது. வார்ப்பில் அவை குறுகலாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். அவற்றையும், அவற்றுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டையும் குடைந்து விட்டால் எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கும், வண்டி பாயும். சேற்றில் ஜீப் ரேஸ் ஓட்டுகிறவர்கள் அதற்காகவே அப்பாவைத் தேடி வந்தார்கள். ஆனால் துளையின் சுவருக்கு அந்தப் பக்கம், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது. எங்கே நிறுத்துவது என்பதுதான் வேலை.

அப்பா அதற்கு முன் பெருங்கடவிளையில் ரப்பர் பால்வெட்டுக்காரர். பட்டையை வெட்ட வேண்டும், உள்ளே இருக்கும் மரத்தைக் கத்தி தொடக் கூடாது. தொட்டால் மரத்துக்குக் காயம். அப்பா வெட்டிய மரங்களில் காயம் இருக்காது. வெட்டிய இடத்தில் சில வருடங்களில் புதுப்பட்டை வரும், அதே இடத்தில் மறுபடி வெட்டுவார்கள். அந்தப் பழக்கத்தை அவர் அலுமினியத்துக்கும் கொண்டு வந்தார். ஒவ்வொரு ரேஸ் சீசனுக்கு முன்பும் அதே ஹெட்டை வாங்கி, அதே வளைவில் இன்னும் கொஞ்சம் எடுப்பார். மிச்சமிருக்கும் சுவரை விரல் நகத்தால் தட்டிக் கேட்டுவிட்டு, "தோலு உண்டு" என்பார்.

நான் வேலை செய்யும் வார்ப்பாலையில் சுவரின் தடிமனை வெளியிலிருந்தே அளக்கும் கருவி இருக்கிறது. கொண்டு வரவா என்று கேட்டிருக்கிறேன்.

"மரத்துக்கு எக்ஸ்ரே எடுத்துட்டா நான் பால் வெட்டினேன்?"

அந்தக் கை வேறு காரியங்களுக்கும் நீளும். தான் குடைந்த ஹெட்டை இன்னொருவனிடம் கொடுத்துத் தேய்க்க வைத்த ஒருவனை நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் வைத்து ஃபேன் பெல்ட்டால் அடித்தார். கல்லறைத் தோட்டத்து மதில் விஷயமாகச் சபைக் கமிட்டியில் ஒருவரின் முன்பல்லை எடுத்தார். அம்மாவை ஒரே ஒரு முறை அடித்திருக்கிறார். அம்மா ஆனந்தபாய் அடுப்பிலிருந்த கஞ்சித்தண்ணியை அவர் காலில் ஊற்றினாள். அதன் பிறகு ஆண்களையும் இரும்பையும் மட்டுமே அடித்தார்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு முன் பகையாளியிடம் போய்த் தவறை ஒப்புக்கொண்டு நின்றுவிட்டு வர வேண்டும். அப்பா தவறாமல் போவார். பல் போனவரிடமும் போய் நின்றார். அவர் வாயைப் பொத்திக்கொண்டு காப்பி கொடுத்தார். திருவிருந்து முடிந்தால் அப்பா மறுபடி யாரையாவது அடிப்பார்.

திங்கட்கிழமை நிபினின் அண்ணன் வினீத் பிக்கப்பில் வந்தான். எரிந்த ஹெட்டைப் பின்னாலிருந்து தள்ளி விட்டான். முற்றத்துச் சிமெண்ட் பெயர்ந்தது.

"உனக்க பிள்ளையாக்கும். எடுத்து முத்தம் குடு."

"ரேடியேட்டர்ல என்னத்த ஒழிச்ச? கூலன்ட்டா, கிணத்துத் தண்ணியா?"

"எனக்க தம்பிக்குத் தொடையில தோலு இல்ல. நீ தண்ணியக் கேக்குதியா?"

"கிணத்துத் தண்ணி அலுமினியத்த அரிக்கும்லே. அரிச்சு ஓட்டை விழுந்திருக்கும். அதுக்கு எனக்க முற்றத்துல வந்து ஊளையிடாத."

வினீத் அப்பாவின் கன்னத்தில் அறைந்தான். அப்பா பைப் ரிஞ்சை எடுத்து அவன் வலது மணிக்கட்டில் போட்டார். எலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. வினீத் தலையால் அப்பாவின் வயிற்றில் முட்டினான். இருவரும் ஆயில் டின்கள் மேல் விழுந்து புரண்டார்கள். அம்மா மண்வெட்டியோடு வந்தாள்.

"இனி எவன் கை ஓங்குதானோ அவனுக்க கால வெட்டுவேன். ஆம்பிளையும் பாக்கமாட்டேன், அப்பனும் பாக்கமாட்டேன்."

நிறுத்தினார்கள். வினீத் இடது கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

ஹெட் முற்றத்திலேயே கிடந்தது. அப்பா அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார். மழை பெய்தபோது ஒரு சாக்கை எடுத்து அதன்மேல் போட்டார். நான் லீவை நீட்டினேன்.

"அறுத்துப் பாத்திரலாம்" என்றேன்.

"தண்ணி அரிச்சதாக்கும். அறுத்து என்னத்துக்கு?"

"அரிச்சதுன்னா அறுத்தா தெரியும்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வைஸில் கவ்வவைத்து கட்டிங் வீலால் துளையின் நீளவாக்கில் இரண்டாக அறுத்தேன். வளைவில் ஒரு கிழிசல், விரல் நகத்தின் நீளம். ஓரம் மிட்டாய்க் காகிதம்போல மடிந்திருந்தது. அரிப்பு எங்கும் இல்லை. அப்பாவின் கிரைண்டர் போட்ட கோடுகள் கிழிசலின் விளிம்புவரை ஒழுங்காக வந்து நின்றன.

நடந்தது இதுதான். ரேஸ் தொடங்கத் தாமதமானதால் எஞ்சினை அணைத்துப் போட்டிருக்கிறார்கள். சூடான தண்ணீர் அழுத்தத்தில் அந்தக் கிழிசல் வழியாகத் துளைக்குள் வந்து சிலிண்டரில் இறங்கியது. நிபின் மறுபடி ஸ்டார்ட் செய்தான். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்தது. முழு வேகத்தில் ஒடிந்து எஞ்சினின் பக்கத்தைத் துளைத்து வெளியே வந்தது. ஆயில் கொதிக்கும் புகைக்குழாயில் கொட்டித் தீப்பிடித்தது.

அப்பா மைக்ரோமீட்டரை என் கையிலிருந்து வாங்கித் தானே அளந்தார். பிறகு காற்றோட்டம் அளக்கத் தானே செய்த பிளைவுட் பெட்டியைச் சுத்தியலால் அடித்து நொறுக்கினார். அதற்குள் இருந்த மோட்டார்களையும். அதன் பிறகு வலது கையை வைஸுக்குள் வைத்து இடது கையால் கைப்பிடியைத் திருகினார். நான் அவர் முழங்கையில் அடித்துத்தான் விடுவிக்க வேண்டியிருந்தது. இரண்டு நகங்கள் கறுத்துவிட்டன.

"சிஜுவுக்க வண்டியிலயும் இதே வெட்டாக்கும்" என்றார்.

சிஜு கள்ளிக்காட்டுக்காரன். ரேஸ் இல்லாத நாட்களில் அதே ஜீப்பில் நெய்யாறு அணை பார்க்க வருகிறவர்களை ஏற்றுகிறான். காலையில் மகள் அஸ்வதியைப் பள்ளியில் விடுவதும் அதில்தான். அப்பா போன் போட்டார். எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

"ஆசானே, வண்டி புலியாக்கும்."

"ஓட்டாத. ஹெட்டக் கழத்தணும்."

"என்னத்துக்கு? ஒரு சொட்டுத் தண்ணி குறையல்ல."

"குறையும். அது தெரியும்பம் நீ உள்ள இருப்ப. நான் நாளைக்கு வாறேன்."

"வாங்க, மீன் வாங்கி வைக்கேன். கழத்துறது மட்டும் நடக்காது."

அன்றே பழைய இரும்பு விற்கும் ஆக்கர் கடைக்குப் போய், குடையாத பழைய ஹெட் ஒன்றைத் தேடி எடுத்தார். தண்ணீர் கசியாமல் ஹெட்டுக்கு அடியில் வைக்கும் புது கேஸ்கெட் வாங்கி, மார்க்கரால் சிஜு என்று எழுதி ஆணியில் மாட்டினார். சனிக்கிழமை காலை சாக்கில் கட்டிய ஹெட்டை ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் வைத்துக் கிளம்பினோம். கேஸ்கெட்டை மறந்துவிட்டார். அறுத்த பாதி அவர் மடியில் இருந்தது.

"அமரவிளையில வினீத்துக்க வீட்டுல நிறுத்து."

"முதல்ல கள்ளிக்காடு. வினீத் எங்கயும் ஓடமாட்டான். ஜீப் ஓடுது."

"நாளைக்குத் திருவிருந்து. பொய் சொல்லி அவனுக்க கைய ஒடிச்சிருக்கேன். அவன்கிட்ட நிக்காம அடுத்த ஹெட்டத் தொட்டா எனக்குக் கை நடுங்கும் மக்கா. போல்ட்டு ஏறாது."

நிறுத்தாவிட்டால் ஓடும்போதே குதித்துவிடுவார். நிறுத்தினேன்.

வினீத் கையில் பிளாஸ்டரோடு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். அப்பா அறுத்த பாதியை மதில்மேல் வைத்தார்.

"பாரு. எனக்க வெட்டாக்கும். உனக்க தண்ணி இல்ல."

வினீத் கிழிசலில் சுண்டுவிரல் நகத்தை விட்டான். நகத்தின் நுனி அந்தப் பக்கம் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு இடது கையால் பிக்கப்பிலிருந்து ஜாக்கி லீவரை எடுத்து அப்பாவின் காதுக்கு மேலே அடித்தான். அப்பா ஒரு முட்டியில் விழுந்தார். கையைத் தூக்கவில்லை. தலையை மறைக்கக்கூட இல்லை. நான் வினீத்தின் பிளாஸ்டர் கையைப் பிடித்து முறுக்கினேன். அவன் அலறினான். இன்னும் முறுக்கினேன்.

"விடு மக்கா" என்றார் அப்பா. "அந்த அடி எனக்கு உள்ளது."

எழுந்தார். ரத்தம் இல்லை. தெளிவாகப் பேசினார். கள்ளிக்காட்டுக்கு விடு என்றார். நான் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன். பின்னாலிருந்து என் தோளில் குத்தினார். "சாயங்காலம் சவாரி எடுத்துருவான், திருப்புலே" என்றார். பெண்ணான என்னை லே என்று அதுவரை கூப்பிட்டதில்லை. பாலம் தாண்டும்போது குத்து நின்றது. பேச்சு குழறியது. அவருடைய பாரம் முழுக்க என் முதுகில் சாய்ந்தது.

அங்கிருந்து மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போனார்கள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் நிறைந்திருந்தது. அதுவும் அமுங்காது. ஞாயிறு விடியும் முன் இறந்தார்.

வினீத் ரிமாண்டில் இருக்கிறான். நிபினுக்கு முதுகிலிருந்து தோல் எடுத்துத் தொடையில் வைக்கிறார்கள்.

அடக்கத்துக்கு சிஜு அந்த ஜீப்பில் வந்தான். அஸ்வதியையும் கூட்டி வந்திருந்தான். கல்லறைத் தோட்டத்து மதிலோரம் அது வந்து நிற்பதைச் சத்தத்திலேயே அறிந்தேன். மண் போட்டு முடிந்ததும் அவனிடம் போனேன். கிழிசலைச் சொன்னேன், வினீத்திடம் அப்பா சொன்னதைச் சொன்னேன். மாற்று ஹெட் வீட்டில் தயாராக இருக்கிறது என்றேன். பொறுமையாகக் கேட்டான்.

"ஆசானுக்க கைவேலையில ஓடுற வண்டி இனி எனக்கதுதான் உண்டு. அத எப்படிக் கழத்த? எனக்க சீவன் போனாலும் கழத்த மாட்டேன் அக்கா."

மகளைத் தூக்கி முன்சீட்டில் வைத்தான். ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது.

இன்று காலை கூப்பிட்டேன். அவன் மனைவி விலாசினி எடுத்தாள். அணைக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான் என்றாள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினானா என்று கேட்டேன்.

"ஊத்தினாரே. கொஞ்சம் குறைஞ்சிருந்துதுன்னு சொன்னாரு."

நாளைக்கு வாறேன் என்று அப்பா சொல்லியிருந்தார். ஹெட் ஸ்கூட்டரில் சாக்கோடு இருக்கிறது. கேஸ்கெட் ஆணியில் இருக்கிறது.